மேல் மாதிரி, கீழ் மாதிரி

அன்று ஓடைக்கரையில் இருந்தவர்கள் இவர்கள்: ஜுரைதாத் குடும்பத்தின் மூத்தவனாகிய நான், முத்லக். பண்ணையை நடத்தும் என் மகன் ஃபவ்வாஸ். அவன் மனைவி வத்ஹா. எங்களிடம் பதினொரு வருடமாக வேலை பார்க்கும் எகிப்துக்காரர் ஷஹாத்தா. கால்நடை நீர்த்தூய்மை இயக்ககத்தின் இயக்குநர் டாக்டர் முன்திர். அவருடைய பொறியாளர் சுஹைல். ஆய்வகப் பெண் ஹனீன். படம் பிடிக்க வந்த ஒருவர். தண்ணீர் லாரி ஓட்டுநர். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. மொத்தம் ஒன்பது பேர். ஒரு தவளையும் இருந்தது. ஆனால் அது நெடுநேரம் தங்கவில்லை.

பெயர்களை முதலிலேயே எழுதிவைக்கக் காரணம் உண்டு. இப்போது எங்கள் துலைலிலிருந்து ஸர்கா நகரம் வரை யாரைக் கேட்டாலும் அன்று அந்தக் கரையில் தானும் நின்றதாகச் சொல்கிறார்கள். எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. கண் இன்னும் பழுதில்லை. நின்றிருந்தால் பார்த்திருப்பேன்.

விஷயம் ஒரு கடிதத்தில் தொடங்கியது. இயக்ககத்தின் கடிதம். எங்கள் பண்ணையில் நூற்றுப் பன்னிரண்டு கறவைகள் இருப்பதாகவும், பண்ணையின் கிழக்கே ஓர் ஓடை இருப்பதாகவும், கறவைகளால் ஓடை நீர் அசுத்தமாகிறதா என்று நாற்பது நாள் கழித்து வரும் செவ்வாய்க்கிழமை சோதிக்கப்போவதாகவும், அதற்குள் பண்ணை தன்னைத் தயார்செய்துகொள்ள வேண்டும் என்றும் அதில் இருந்தது. தேறாத பண்ணையின் வாசலில் சிவப்புப் பலகை வைக்கப்படும். பலகையில் குடும்பத்தின் பெயரும், அதன் கீழே ‘நீரை அசுத்தப்படுத்துவோர்’ என்ற சொற்களும் இருக்கும். தொண்ணூறு நாள் அதை அகற்றக் கூடாது.

எங்கள் குடும்பத்தின் பெயர் இதுவரை எந்தப் பலகையிலும் எழுதப்பட்டதில்லை. எழுதித் தெரிவிக்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. வழிப்போக்கர்களுக்கும் அவர்களுடைய ஒட்டகங்களுக்கும் தண்ணீர் கொடுத்த பெயர் அது. அந்தப் பெயருக்குக் கீழே அந்த இரண்டு சொற்கள் நிற்கும் என்றால், பாலை நிறுத்துங்கள், பண்ணையை மூடுங்கள், அதை நான் தாங்குவேன். பலகையைத் தாங்க மாட்டேன் என்று ஃபவ்வாஸிடம் சொன்னேன்.

“அப்பா, ஓடையில தண்ணி வந்து ஆறு வருஷமாச்சு,” என்றான்.

“அது அவங்களுக்குத் தெரியுமா?”

“வந்து பார்த்தா தெரிஞ்சுக்குவாங்க.”

என் மகன் படித்தவன். படித்தவர்களுக்கு அலுவலகங்களின் மேல் இப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது.

தயாராவதற்கு முதல் படி பயிற்சி வகுப்பு. தலைநகர் அம்மானில் ஒரு பெரிய ஓட்டலில் மூன்று நாள். ஃபவ்வாஸ் போனான். ஒரு சான்றிதழ், ஒரு பிளாஸ்டிக் மேலங்கி, ஒன்பது பிரிவுகள் கொண்ட ஒரு கோப்பு ஆகியவற்றோடு திரும்பினான்.

“என்ன சொல்லிக்கொடுத்தாங்க?” என்று கேட்டேன்.

“படம் காட்டினாங்க அப்பா. பச்சைப் புல்வெளி. நடுவுல ஆறு. ஆத்துல வாத்து. கரையில ஒரு கொழுத்த மாடு நிக்குது. மாடு ஆத்துல சாணி போடாம எப்படிப் பார்த்துக்கறதுன்னு மூணு நாளும் சொன்னாங்க.”

“நம்ம நாட்டுல மாட்டுக்குப் பக்கத்துல ஆறு ஏது?”

“நானும் கேட்டேன். அது நாலாவது நாள் பாடமாம். வகுப்பு மூணு நாள்தான்.”

எங்கள் பண்ணையில் சாணம் ஒரு கூடைகூட வீணாவதில்லை. காய்ந்த மறுநாளே தக்காளித் தோட்டக்காரர்கள் வந்து சண்டை போட்டு அள்ளிக்கொண்டு போகிறார்கள். இதைக் கோப்பில் எழுத இடமில்லை. கோப்பின் ஆறாம் பிரிவில் ‘உங்கள் எரு ஆற்றில் கலக்கும் இடத்தின் வரைபடம்’ என்று மட்டும் இருந்தது. ஃபவ்வாஸ் ஒரு வெற்றுத் தாளை வைத்தான்.

பத்தாம் நாள் பொறியாளர் சுஹைல் முன்சோதனைக்கு வந்தார். வெளுத்த, ஒல்லியான மனிதர். கையில் ஒரு கணினிப் பலகை. ஓடைக்குக் கூட்டிப்போனோம். குனிந்து பார்த்தார். கூழாங்கற்களும் ஒரு பழைய டயரும் இருந்தன.

“தண்ணி எங்கே?”

“வரல,” என்றான் ஃபவ்வாஸ்.

“எப்ப வரும்?”

“அது மேல இருக்கறவன் கையில.”

“மேலன்னா? மலைப் பக்கமா?” என்று கேட்டுவிட்டு, அவரே கணினிப் பலகையில் எதையோ தேடினார். “பாருங்க, என்கிட்ட மூணு கட்டம்தான் இருக்கு. சுத்தம், ஓரளவு அசுத்தம், அசுத்தம். தண்ணி இல்லேங்கற கட்டமே கிடையாது.”

“காலியா விட்டுருங்க,” என்றான் ஃபவ்வாஸ்.

“காலியா விட்டா கணினி அதை அசுத்தம்னு எடுத்துக்கும்.”

மாட்டுத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த வத்ஹா அங்கிருந்தே கேட்டாள். “ஏன், இந்தத் தொட்டித் தண்ணிய எடுத்துச் சோதிங்களேன். எங்க கிணத்துத் தண்ணி. மாடு இதைத்தான குடிக்குது?”

“அது உள்நீர், அம்மா. நாங்க வெளிநீர்ப் பிரிவு.”

“உள்ள போற தண்ணிதான வெளிய வருது?”

“வெளிய வர்றதுக்கு முன்னாடி வரைக்கும் அது வேற பிரிவு.”

“அந்தப் பிரிவுக்காரங்க எங்க?”

“அது இன்னும் ஆரம்பிக்கல.”

வத்ஹா தொட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள். நூற்றுப் பன்னிரண்டு மாடுகளின் மடியையும் மனத்தையும் அறிந்தவள் அவள். எதோடு பேசினால் பயன் உண்டு, எதோடு பேசினால் இல்லை என்பது அவளுக்கு விரைவில் தெரிந்துவிடும்.

வந்தவர் யாராக இருந்தாலும் விருந்தாளி. விருந்தினர் கூடத்துக்கு அழைத்து உட்காரவைத்தேன். கெண்டியிலிருந்து முதல் கோப்பைக் காப்பியை ஊற்றி நான் குடித்தேன். இது எங்கள் முறை. வீட்டுக்காரன் முதலில் குடித்துக் காட்டிய பிறகுதான் விருந்தாளிக்கு ஊற்றுவான். போதும் என்றால் விருந்தாளி கோப்பையை லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுப்பார். அடுத்த கோப்பையை சுஹைலுக்குக் கொடுத்தேன். அவர் வாங்கினார். குடிக்காமல் கீழே வைத்தார்.

அடுப்படியில் இருந்த ஷஹாத்தா நிமிர்ந்து பார்த்தார்.

கோப்பையைக் குடிக்காமல் கீழே வைப்பவர் ஒன்று கேட்க வந்திருக்கிறார் என்று பொருள். ‘கேட்டது கிடைத்தது, குடியுங்கள்’ என்று வீட்டுக்காரன் சொன்ன பிறகுதான் அவர் குடிப்பார். மதிப்பான வீடுகளில், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவார்கள். என் தாத்தாவின் முன்னால் ஒருவன் இப்படிக் கோப்பையை வைத்தபோது, அவன் கேட்டது தம் சொந்தத் தம்பியின் கொலைக்கு மன்னிப்பு என்று தெரியாமலேயே அவர் கொடுத்தார். பின்பு தெரிந்தது. வார்த்தையை மாற்றவில்லை. கோப்பையை ஆறவிட்ட வீடு என்று எங்களை யாரும் சொன்னதில்லை.

ஆகவே நான் சொன்னேன்: “குடிங்க. நீங்க கேட்டது கிடைச்ச மாதிரிதான்.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்படியா ஹாஜி? ரொம்ப நல்லதாப் போச்சு. அப்ப சோதனை அன்னிக்கு ஓடையில ஓடற தண்ணி இருக்கும்னு எழுதிக்கறேன்.”

ஃபவ்வாஸ் என்னைப் பார்த்தான். நான் கோப்பையைப் பார்த்தேன்.

“எழுதிக்குங்க,” என்றேன். “இப்பக் குடிங்க.”

“அது முடியாதே. சுற்றறிக்கை ஏழு. சோதனை முடிவு வர்ற வரைக்கும் பண்ணைத் தண்ணில செஞ்ச எதையும் நாங்க வாயில வைக்கக் கூடாது. மத்தபடி வாசனை அருமையா இருக்கு.”

அவர் ஒன்றும் கேட்க வரவில்லை. முறையும் அவருக்குத் தெரியாது. சுற்றறிக்கைக்காகக் கோப்பையைக் கீழே வைத்திருக்கிறார். அவர் போன பிறகு ஃபவ்வாஸ் இதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். “மறுப்பு மனு போடலாம் அப்பா. ஓடையே வறண்டதுன்னு நீர்வளத் துறையில ஒரு தாள் வாங்கிட்டா போதும்.”

“அவருக்குத் தெரியாட்டி என்ன? எனக்குத் தெரியும். கொடுத்தேன்னு சொன்னது நான்.”

“இல்லாத ஓடையில தண்ணிய எங்கிருந்து கொண்டுவர்றது?”

“அதைச் சொல்லத்தான உன்னை வகுப்புக்கு அனுப்பினோம்?”

ஷஹாத்தா அடுப்பைக் கிளறிக்கொண்டே சொன்னார்: “எங்க ஊர்ல ஆறு இருக்கு ஹாஜி, சோதிக்கத்தான் ஆளில்ல. இங்க ஆள் இருக்கு, ஆறு இல்ல. ரெண்டு நாட்டுக்கும் ஒரு கல்யாணம் பண்ணிவெச்சா எல்லாம் சரியாயிரும்.”

அடுத்த முப்பது நாள் நாங்கள் தயாரானோம்.

ஓடைக்கரையிலிருந்து பத்து மீட்டர் தள்ளி மாடுகள் தாண்டாதபடி எல்லை வேண்டும் என்றது கோப்பு. தண்ணீர் இல்லாத ஓடைக்குக் கரை எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சுஹைல் மறுபடி வந்து, நடந்து பார்த்து, ஓரிடத்தில் குதிகாலை ஊன்றி, “இதுவே கரையா இருக்கட்டும்,” என்றார். அங்கே சுண்ணாம்புக் கோடு போட்டோம். கரை நெடுக அழுக்கை வடிகட்டும் புல் இருக்க வேண்டும். புல்லுக்கு ஊற்றத் தண்ணீர் கேட்டதற்கு, வறண்ட பகுதியில் புல்லுக்கு நீர் ஊற்றுவது இயக்ககத்தின் விதி பன்னிரண்டின்படி குற்றம் என்று பதில் வந்தது. ஆகவே பிளாஸ்டிக் புல் வாங்கி ஆணி அடித்தோம். மாடுகள் மூன்று நாள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தன. நான்காம் நாள் ஒரு கிடாரி தாண்டிப்போய் ஒரு வாய் கடித்துவிட்டு, வத்ஹாவைத் திரும்பிப் பார்த்தது.

“என்னைப் பார்க்காத,” என்றாள் வத்ஹா. “நான் அந்தப் பிரிவு இல்ல.”

எட்டாம் பிரிவில் ‘உயிர்க் குறியீடு’ என்று இருந்தது. நல்ல நீரில் வாழும் உயிர்கள் இருக்க வேண்டும்; தவளை, குறைந்தது ஒன்று. ஷஹாத்தா தக்காளித் தோட்டத்துக் குட்டையில் இரண்டு மணி நேரம் முழங்கால் அளவு நின்று ஒன்றைப் பிடித்து, தயிர் வாளியில் போட்டுக் கொண்டுவந்தார். துலைலில் பால் விற்கும் பண்ணை ஒன்று தவளைக்குத் தீனி தேடி ஈப் பிடித்த கதையை நான் விரிவாக எழுதப்போவதில்லை.

பின்பு தண்ணீர். ஓடையில் விடும் நீரைக் கண்ட இடத்திலிருந்து கொண்டுவரக் கூடாதாம். இயக்ககம் அங்கீகரித்த லாரிக்காரர்களிடம்தான் வாங்க வேண்டும். அங்கீகாரப் பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. அதன் கீழே டாக்டர் முன்திரின் கையெழுத்து. நான்கு லாரித் தண்ணீருக்காக இரண்டு சினைக் கிடாரிகளை விற்றோம். அவை போனபோது வத்ஹா வாசலுக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து ஒரே லாரி நான்கு நடை வந்தது. நீல நிறம். ஆனால் லாரியின் பக்கவாட்டில் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் அடியில் மஞ்சள் தெரிந்தது. எங்கள் நாட்டில் கழிவறைத் தொட்டியைக் காலிசெய்ய வருவது மஞ்சள் லாரி என்று பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும்.

“இது என்னடா மஞ்சள்?” என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

“பழைய கலர் ஹாஜி. இப்ப நீலம். தாளைப் பாருங்க, அங்கீகாரம் இருக்கு.”

தாளில் அங்கீகாரம் இருந்தது. ஓட்டுநர் பண்ணைக்கு மேலே ஓடையில் குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. அதன் நிறத்தை நான் எழுத மாட்டேன். ஷஹாத்தா தவளையை மெதுவாக அதில் விட்டார். அது ஒரு கணம் இருந்தது. பின்பு கரையேறி, பிளாஸ்டிக் புல்லைத் தாண்டி, வெயிலில் தக்காளித் தோட்டம் இருக்கும் திசையில் ஒரு தடவைகூட நிற்காமல் போனது. கண்டுபிடிக்க இயக்ககத்துக்கு இரண்டு சீசாக்கள் தேவைப்பட்டதை அது காலாலேயே கண்டுபிடித்துவிட்டது.

பத்து மணிக்கு இரண்டு வெள்ளைக் கார்கள் வந்தன. டாக்டர் முன்திர் இறங்கினார். அகலமான மனிதர். சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியை அன்று காலைதான் பெட்டியிலிருந்து எடுத்திருந்தார், மடிப்புகள் கலையவில்லை. படம் பிடிப்பவர் அவருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தார். எல்லாம் இயக்ககத்தின் பக்கத்தில் நேரலையாகப் போகிறது என்றார்கள். நான் காப்பியோடு எதிர்கொண்டேன். இயக்ககத்தார் நான்கு பேருக்கும் ஊற்றினேன். நான்கு கோப்பைகளும் வரிசையாகத் தரையில் வைக்கப்பட்டன.

“தப்பா நினைக்காதீங்க அபூ ஃபவ்வாஸ்,” என்றார் டாக்டர், ஃபவ்வாஸின் அப்பா என்று முறைப்படி என்னை அழைத்து. “சுற்றறிக்கை. நானே எழுதினது. எழுதினவனே மீறலாமா? ஆனா நானும் பாலைவனத்துப் பிள்ளைதான். காப்பி முறை எல்லாம் என் ரத்தத்துல ஊறினது.”

“தெரியுது,” என்றேன், தரையில் இருந்த நான்கு கோப்பைகளைப் பார்த்து.

அவர் சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்று பேசினார். நான் கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன்.

“நம்ம இயக்ககம் ஆரம்பிச்சு ஆறு வருஷம். ஆரம்பிக்கும்போது இந்த மாவட்டத்துல பதினேழு ஓடையில தண்ணி இருந்துச்சு. அதுல பதினஞ்சு அசுத்தம். இன்னிக்கு என்ன நிலைமை? மூணே மூணு ஓடைலதான் தண்ணி. அசுத்தமான ஓடை ரெண்டே ரெண்டு! பதினஞ்சுலேர்ந்து ரெண்டுக்குக் கொண்டுவந்திருக்கோம். இதை எந்த நாடும் செஞ்சதில்ல. சில பேர் கேக்கறாங்க, வறண்ட ஓடைய ஏன் சோதிக்கறீங்கன்னு. தண்ணி இருக்கும்போது சோதிக்கறது சுலபம், யாரும் செய்வாங்க. இந்தச் சுண்ணாம்புக் கோடு இருக்கே, இதுக்கு அந்தப் பக்கம் பண்ணைக்காரர் வீடு. இந்தப் பக்கம், இந்த ஓடை, இதுல ஓடற தண்ணி, ஒவ்வொரு சொட்டும் எங்க வீடு. நான் இங்க அதிகாரி இல்ல, வீட்டுக்காரன்!”

படம் பிடிப்பவர் ஒரு கையால் கைதட்ட முயன்றார்.

ஆய்வகப் பெண் ஹனீன் மேலே போய் முதல் சீசாவை நிரப்பினாள். அது மேல் மாதிரி. பண்ணைக்குக் கீழே வந்தபோது நிரப்ப ஒன்றும் இல்லை. ஆறு வருடத் தாகத்தில் இருந்த மணல் நான்கு நடைத் தண்ணீரையும் பாதி வழியிலேயே குடித்துவிட்டது. லாரியின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

“கீழ தண்ணி ஓடலையே,” என்றார் சுஹைல் பதறி. “கட்டம் காலியாயிருமே!”

“ஓடணும்,” என்றார் டாக்டர். “எதுவாச்சும் ஓடணும்.”

வத்ஹா எல்லோரும் பார்க்கப் போய் மாட்டுத் தொட்டியின் அடைப்பை உருவினாள். “இது மாடு குடிக்கற தண்ணி. கேட்டுக்குங்க, அப்புறம் சொல்லலேன்னு சொல்லாதீங்க.” தொட்டி நீர் சரிவில் இறங்கி, ஓடையின் கீழ்ப்புறம் ஒரு கயிறு அளவுக்கு ஓடியது. டாக்டர், “ஓட்டம்னா ஓட்டம்தான்,” என்றார். ஹனீன் அதை நிரப்பினாள். அது கீழ் மாதிரி.

காரின் பின்கதவைத் திறந்து வைத்துச் சோதித்தார்கள். எண் கூடினால் அழுக்கு கூடியது என்று அர்த்தமாம். ஹனீன் தாழ்ந்த குரலில் வாசித்தாள்: “மேல் மாதிரி, நானூத்திப் பன்னெண்டு. கீழ் மாதிரி, ஒம்பது.”

ஃபவ்வாஸ் சிரித்தான். முப்பது நாளில் முதல் சிரிப்பு. “அப்ப நாங்க தேறிட்டோம்!”

“இருங்க,” என்றார் சுஹைல். “விதி என்ன சொல்லுதுன்னா, மேலயும் கீழயும் நூத்துக்குப் பத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. இங்க தொண்ணூத்தெட்டு இருக்கு.”

“சுத்தமாத்தானே ஆகியிருக்கு!”

டாக்டர் முன்திர் அவன் தோளில் கை வைத்தார். படம் பிடிப்பவர் நெருங்கி வந்தார். “தம்பி, இங்கதான் எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. நம்ம வேலை தண்ணியச் சுத்தம் பண்றது இல்ல. தண்ணியோட நிலையைக் காப்பாத்தறது. அழுக்கா உள்ள வந்துச்சா, அழுக்காவே வெளிய போகணும். நடுவுல நீங்க யாரு மாத்தறதுக்கு?”

“மேல அழுக்கா வந்தது உங்க லாரி,” என்றாள் வத்ஹா.

“லாரி அங்கீகாரம் பெற்றது, அம்மா. அதனால அது அழுக்கு இல்ல. அந்தத் தண்ணியோட இயல்பு.”

பிறகு காரிலிருந்து பலகையை எடுத்தார்கள். சிவப்பு. ஜுரைதாத் குடும்பம், அதன் கீழே நீரை அசுத்தப்படுத்துவோர். எங்கள் பெயரைப் பிழையின்றி எழுதியிருந்தார்கள். மூலையில் சிறிதாக ஒரு தேதி. அது போன வியாழக்கிழமையின் தேதி.

“சோதனை இன்னிக்குத்தானே?” என்று கேட்டேன்.

“பெயின்ட் காயணுமே ஹாஜி,” என்றார் சுஹைல்.

லாரி ஓட்டுநர் எங்கேயிருந்தோ சுத்தியல் கொண்டுவந்து கொடுத்தார். ஃபவ்வாஸ் வாசல் தூணுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். இன்னும் ஒரு கணம் விட்டால் அவன் ஓர் அதிகாரியின் மேல் கை வைத்திருப்பான். பிறகு பலகையோடு சேர்த்து அதுவும் எங்கள் பெயரில் ஏறியிருக்கும். நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் நகர்ந்தான்.

நான் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினேன். ஓடையின் நடுவே மணலில் உட்கார்ந்தேன்.

“ஸலாம் அலைக்கும், டாக்டர். உங்க வீட்டுக்கு வந்திருக்கேன்.”

அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு படம் பிடிப்பவரைப் பார்த்தார். உடனே முகம் விரிந்தது. “வாங்க, வாங்க! பார்த்தீங்களா, இதுதான் நம்ம மக்கள்! கண்டிப்பை ஏத்துக்கற பெருந்தன்மை!” என்று வந்து எதிரே உட்கார்ந்தார்.

“விருந்தாளிக்குக் காப்பி கிடையாதா?”

“உங்க கெண்டியே சூடா இருக்கே?”

“அது என் தண்ணி. சோதனையில தேறாதது. உங்க வீட்டுல உங்க தண்ணில போடுங்க.”

நான் சொல்லி முடிப்பதற்குள் வத்ஹா லாரியிலிருந்து கெண்டியை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள். ஷஹாத்தா மணலிலேயே அடுப்பு மூட்டினார். கொதி வந்தபோது காற்று எங்கள் பக்கம் அடித்தது. ஹனீன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள். வத்ஹா ஏலக்காயை இரண்டு மடங்கு போட்டாள்; விரோதிக்கும் இவ்வளவு செய்பவள் அவள்.

ஷஹாத்தா முதல் கோப்பையை ஊற்றி டாக்டரிடம் நீட்டினார். “வீட்டுக்காரர் முதல்ல.”

“நானா? சுற்றறிக்கை ஏழு இருக்கே…”

“அது பண்ணைத் தண்ணிக்கு மட்டும்தான் சார்,” என்றார் சுஹைல் உதவியாக. “அங்கீகரிச்ச தண்ணிக்கு விலக்கு இருக்கு. நாலாவது பத்தி. நீங்கதான் சேர்த்தீங்க.”

சுஹைலை இப்போது நாட்டின் தெற்குக் கோடியில் அகபாவுக்கு மாற்றிவிட்டதாகக் கேள்வி.

டாக்டர் கோப்பையைப் பார்த்தார். படம் பிடிப்பவரைப் பார்த்தார். பாலைவனத்துப் பிள்ளை என்று அரை மணி நேரத்துக்கு முன்தான் சொல்லியிருந்தார். அவர் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது என்று சொன்னால், லாரியை அங்கீகரித்த அவர் கையெழுத்து பொய். எழுந்து போனால், விருந்தாளிக்குக் காப்பி கொடுக்காமல் ஓடிய வீட்டுக்காரர். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். குரல்வளை மேலே ஏறி, கொஞ்ச நேரம் யோசித்து, கீழே இறங்கியது.

“எப்படி இருக்கு சார்?” என்று கேட்டாள் வத்ஹா.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறக்க விரும்பவில்லை என்று நினைக்கிறேன்.

ஷஹாத்தா எனக்கு ஊற்றினார். நான் வாங்கினேன். குடிக்காமல் மணலில் வைத்தேன்.

டாக்டர் அந்தக் கோப்பையைப் பார்த்தார். கீழே வைத்த கோப்பைக்கு என்ன பொருள் என்பது மட்டும் அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது. எப்படியாவது இது முடிந்தால் போதும் என்ற அவசரம் அவர் முகத்தில். “குடிங்க அபூ ஃபவ்வாஸ். நீங்க கேட்டது எதுவானாலும் கிடைச்சாச்சு. குடிங்க, எழுந்திரிக்கலாம்.”

“எதுவானாலுமா?”

“எதுவானாலும். ஊரே பார்க்குது.”

“பலகை இருக்கட்டும்,” என்றேன். “அதை எடுக்கச் சொல்லல. பெயின்ட் காஞ்சது வீணாகக் கூடாது. ஆனா அசுத்தமான தண்ணி யார் வீட்டுதோ அவங்க பேர் அதுல இருக்கணும். இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் யார் வீடுன்னு நீங்கதான் சொன்னீங்க.”

படம் பிடிப்பவர் அந்த இடத்தில் நேரலையை நிறுத்தினார். ஆனால் ‘எதுவானாலும்’ என்ற சொல் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

இனி ஒரு விஷயம்தான் பாக்கி. கேட்டது கிடைத்தால் விருந்தாளி குடிக்க வேண்டும். மணலில் உட்காரும் முன்பே எனக்கு இது தெரியும். ஃபவ்வாஸுக்கும் தெரியும். “அப்பா, வேண்டாம்,” என்றான். “வயசு என்னன்னு நினைச்சுப் பாருங்க.” வத்ஹா தன் கையில் மிச்சமிருந்த ஏலக்காயை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பலகை இப்போது ஓடையின் நடுவே நிற்கிறது. எங்கள் பெயரின் மேல் வெள்ளைச் சாயம் பூசி இயக்ககத்தின் பெயரை எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு பிழை இருக்கிறது. மறுவாரம் இயக்ககம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பெயருக்குத் தானே சிவப்புப் பலகை வைத்துக்கொண்ட முதல் அரசு நிறுவனம் என்ற பெருமை தனக்குக் கிடைத்திருப்பதாகவும், மற்ற நிறுவனங்கள் இதைப் பின்பற்ற வேண்டும் என்றும் அதில் இருந்தது. பலகைக்குப் பக்கத்தில் டாக்டர் முன்திர் நிற்கும் படமும் இருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தார். மாடுகள் மாலையில் அந்தப் பலகையின் மேல் உரசிக்கொள்கின்றன. அது அவற்றுக்குப் பயன்படுகிறது.

கடைசியாக ஒன்று. நேரலை நின்ற பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில், நான் என் கோப்பையை மணலில் ஊற்றிவிட்டேன் என்று துலைல் கடைத்தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. ஊற்றவில்லை. குடித்தேன். முழுவதும். பிறகு கோப்பையை முறைப்படி ஆட்டி ஷஹாத்தாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.